தெரியுமா? ஒரு கொரிய பேட்மிண்டன் டபுள்ஸ் வீரரின் வாழ்க்கைக்குள் இத்தனை முடிச்சுகள்!

ஒலிம்பிக் அரையிறுதி, அதுவும் மூன்றாவது கேம். ஆட்டத்தின் நடுவில் ஒரு வீரர் நடுவரிடம் அனுமதி கேட்டுக் கோர்ட் ஓரத்துக்குப் போகிறார். கையில் ஒரு பையைக் கொடுக்கிறார்கள், அதில் வாந்தி எடுக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார், ஜெயிக்கிறார்! நம்ப முடிகிறதா? 2024 ஆகஸ்ட் 1, பாரிஸ். அவர் பெயர் கிம் வொன் ஹோ, தென் கொரியா, வயது 25. கலப்பு இரட்டையர் பிரிவில் ஜியோங் நா யூன் என்ற பெண்ணுடன் ஆடினார். 21-16, 20-22, 23-21. மொத்தம் 77 நிமிடங்கள்!

அன்று வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் யார் தெரியுமா? அவர்களும் கொரியர்கள்தான்! சியோ சியுங் ஜே, சே யூ ஜங் ஜோடி. உலகத் தரவரிசையில் 2. கிம் ஜோடி 8. அதற்கு முன் இரண்டு ஜோடிகளும் ஐந்து முறை மோதி, ஐந்திலும் கிம் ஜோடி தோற்றிருந்தது. ஆறாவது முறை, ஒலிம்பிக்கில், வயிறு புரட்டிக்கொண்டிருந்த நிலையில் வென்றார்கள். தோற்ற சியோ மறுநாள் வெண்கலப் பதக்க ஆட்டத்திலும் ஜப்பானிடம் தோற்று வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

சரி, ஐந்தே மாதம் கழித்து, 2025 ஜனவரியில் அந்தச் சியோ ஆண்கள் இரட்டையரில் யாரோடு ஜோடி சேர்ந்தார் தெரியுமா? தன்னை வீழ்த்திய அதே கிம் வொன் ஹோவோடு! இளம் வயதில் கொஞ்ச காலம் சேர்ந்து ஆடிப் பிரிந்தவர்கள், மறுபடி ஒரே பக்கம் வந்து நின்றார்கள். அதன் பிறகு நடந்ததைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். அதற்கு வருகிறேன், முதலில் இந்தக் கதையைக் கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஊரில் ஷட்டில் ஆடாத தமிழ்ப் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிளசன்டன், டப்ளின், சான் ரமோன், ஃப்ரீமாண்ட் என்று எங்கே திரும்பினாலும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள், ராக்கெட் பையோடு காத்திருக்கும் பெற்றோர்கள். அவர்களில் பலர் மனசில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: சிங்கிள்ஸ்தான் நிஜ ஆட்டம், அதில் தேறாதவர்களுக்கு டபுள்ஸ். இதைப் பயிற்சிக் கூடங்களில் காது கொடுத்தாலே கேட்கலாம். எனக்கு இதில் சம்மதமே இல்லை! டபுள்ஸ் தனிக் கலை. அந்தக் கலையில் ஒரு மனிதரின் வாழ்க்கை எப்படியெல்லாம் திரும்பும் என்பதற்குக் கிம் வொன் ஹோவை விட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது பெரிய ஆச்சரியத்துக்கு வருவோம். கிம் வொன் ஹோவின் அம்மா யார் தெரியுமா?

கில் யங் ஆ. ஒலிம்பிக் தங்க மங்கை! 1992-ல் பார்சிலோனாவில்தான் பேட்மிண்டன் முதன்முதலாக முழுப் பதக்க விளையாட்டாக ஒலிம்பிக்குக்குள் வந்தது. அந்த முதல் ஒலிம்பிக்கிலேயே பெண்கள் இரட்டையரில் ஷிம் யூன் ஜங்குடன் வெண்கலம். 1995-ல் லொசானில் ஜாங் ஹே ஓக்குடன் உலக சாம்பியன். 1996-ல் அதே ஜாங்குடன் ஒலிம்பிக் வெள்ளி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதே 1996-ல் கலப்பு இரட்டையரில் தங்கம். எங்கே? இங்கேதான், அமெரிக்க மண்ணில், அட்லாண்டாவில்! ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக உள்ளரங்கத்தில்! ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் பிரிவு சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டுதான். அதன் முதல் தங்கம் இந்த அம்மாவின் கழுத்தில் விழுந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1999 ஜூனில், கிம் வொன் ஹோ பிறந்தார்.

அந்த அட்லாண்டா இறுதி ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கோர்ட்டில் நின்ற நான்கு பேரும் கொரியர்கள். ஒரு பக்கம் 26 வயது கில் யங் ஆவும் 20 வயது கிம் டோங் மூனும். மறுபக்கம் 31 வயது பார்க் ஜூ போங்கும் 19 வயது ரா கியுங் மின்னும். பார்க் ஜூ போங் என்றால் சாதாரண ஆள் இல்லை. ஐந்து உலக சாம்பியன் பட்டங்கள், பார்சிலோனாவில் ஆண்கள் இரட்டையர் தங்கம். ஓய்வு பெற்றுவிட்டவர், இந்த ஒரு ஒலிம்பிக்குக்காகத் திரும்பி வந்திருந்தார். எல்லோரும் அவர்தான் ஜெயிப்பார் என்று நினைத்தார்கள். முதல் கேமை 15-13 என்று எடுத்தும்விட்டார். அப்போதெல்லாம் 15 புள்ளிதான். சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி சேரும். ராலியை யார் வென்றாலும் புள்ளி என்ற இன்றைய 21 புள்ளி முறை 2006-ல்தான் வந்தது. அப்படிப்பட்ட பழைய முறையில் கில் ஜோடி அடுத்த கேமை 15-4 என்று சுருட்டி, கடைசி கேமை 15-12 என்று முடித்தது.

அந்த நான்கு பேரும் பிறகு என்ன ஆனார்கள் தெரியுமா? இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்!

ஜெயித்த கிம் டோங் மூன், தோற்ற ரா கியுங் மின்னோடு ஜோடி சேர்ந்தார். அந்த ஜோடி ஒரு கட்டத்தில் தொடர்ந்து 70 ஆட்டங்களில் தோற்கவே இல்லை, வரிசையாக 14 போட்டிகளில் பட்டம். இன்றுவரை கலப்பு இரட்டையரின் மிகப் பெரிய ஜோடி என்று பலர் அவர்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒலிம்பிக் மட்டும் கைகூடவில்லை. 2000 சிட்னியில் காலிறுதியோடு சரி, 2004 ஏதென்ஸிலும் காலிறுதியோடு சரி. அந்த ஏதென்ஸிலேயே கிம் டோங் மூன் ஆண்கள் இரட்டையரில் ஹா டே குவானுடன் தங்கம் வென்றார். ரா கியுங் மின்னுக்கு ஒலிம்பிக் கலப்பு இரட்டையரில் கிடைத்த ஒரே பதக்கம் அட்லாண்டா வெள்ளிதான். அந்த இருவரும் 2005-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்! இறுதிப் போட்டியில் தோற்கடித்தவரையே கைப்பிடித்துவிட்டார் ரா. இருவரும் பல ஆண்டுகள் கனடாவின் கல்கரியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

பார்க் ஜூ போங்? 2004-ல் ஜப்பான் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பேட்மிண்டனில் பெயர் சொல்லும்படி இல்லாதிருந்த ஜப்பானைத் தூக்கி நிறுத்தினார். 2014-ல் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பை, 2016 ரியோவில் தகாஹாஷி, மட்சுடோமோ ஜோடிக்குத் தங்கம். பேட்மிண்டனில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுதான். இருபது ஆண்டுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, 2025 ஏப்ரலில் தாய்நாட்டு அணிக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அதே 2025 ஜனவரியில் கொரியப் பேட்மிண்டன் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? கிம் டோங் மூன்!

இப்போது கணக்குப் போடுங்கள். அன்று அம்மாவோடு சேர்ந்து தங்கம் வென்றவர் சங்கத் தலைவர். அன்று அம்மாவிடம் தோற்றவர் தலைமைப் பயிற்சியாளர். அம்மாவின் மகன் அணியின் நட்சத்திரம். ஒரே ஒரு ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் வேர்கள் 29 ஆண்டு தாண்டி ஒரே அணிக்குள் வந்து பின்னிக்கொண்டிருக்கின்றன. சிங்கிள்ஸில் இப்படி ஒரு கதை பிறக்க வழியே இல்லை. இன்றைக்கு எதிரி, நாளைக்குத் துணை, அடுத்த வருடம் பயிற்சியாளர் என்று மாறிக்கொண்டே இருப்பது டபுள்ஸ்காரர்களின் வாழ்க்கைதான்.

இவ்வளவு பெரிய அம்மாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தால் பாரமாகத்தானே இருக்கும்? கிம்முக்கும் இருந்தது. அம்மா அவரிடம் ஒன்று சொல்லியிருந்தாராம்: நீ கில் யங் ஆவின் மகனாக வாழாதே, என்னைக் கிம் வொன் ஹோவின் அம்மாவாக வாழ வை. பாரிஸ் அரையிறுதியை வென்ற பிறகு கிம் இதை நினைவுகூர்ந்து, இனி அம்மா அப்படி வாழலாம் என்றார். விளையாட்டுச் செய்தியில் கண் கலங்குவது எனக்கு அபூர்வம். இதைப் படித்தபோது கலங்கியது.

பாரிஸில் அந்த அரையிறுதிக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு என்பது தெரியுமா? லீக் சுற்றில் மூன்று ஆட்டத்தில் இரண்டில் தோல்வி! மயிரிழையில் தப்பிக் காலிறுதிக்குப் போனார்கள். அங்கே மலேசிய ஜோடியை வீழ்த்தி, அடுத்து அந்த 77 நிமிடப் போராட்டம். இறுதி ஆட்டத்தில் சீனாவின் செங் சிவெய், ஹுவாங் யாசியோங் ஜோடியிடம் 8-21, 11-21 என்று தோல்வி. ஆனாலும் கலப்பு இரட்டையரில் கொரியாவுக்கு 16 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. 2008 பெய்ஜிங்கில் லீ யோங் டே, லீ ஹியோ ஜங் ஜோடி வாங்கிய தங்கத்துக்கு அப்புறம் வேறு எதுவும் இல்லை. தங்கம் வாங்கிய ஹுவாங் யாசியோங்குக்கு அன்று இன்னொரு பரிசும் காத்திருந்தது. பதக்க மேடையை விட்டு இறங்கியதும் சீன டபுள்ஸ் வீரர் லியூ யூசென் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினார். அந்தப் படம் உலகம் பூராவும் சுற்றியது.

வெள்ளிப் பதக்கம் கிம்முக்கு இன்னொன்றையும் கொடுத்தது. கொரியாவில் ஆண்கள் எல்லோரும் ஒன்றரை ஆண்டு அளவுக்கு ராணுவ சேவை செய்தே ஆக வேண்டும். விளையாட்டு வீரருக்கு அதிலிருந்து சலுகை வேண்டுமென்றால் இரண்டே வழி: ஆசிய விளையாட்டில் தங்கம், அல்லது ஒலிம்பிக்கில் ஏதேனும் ஒரு பதக்கம். ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினால் பலன் இல்லை. ஒலிம்பிக் வெண்கலம் போதும்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள்! ஆசிய விளையாட்டுத் தங்கம் கிம்முக்குக் கை நழுவியது யாரால் தெரியுமா? 2023 அக்டோபர் 7, ஹாங்சோ. ஆண்கள் இரட்டையர் இறுதி. கிம் வொன் ஹோவும் சோய் சோல் கியூவும் ஒரு பக்கம். மறுபக்கம் ஆந்திராவின் சாத்விக் சாய்ராஜ் ரங்கிரெட்டியும் மும்பையின் சிராக் ஷெட்டியும். 21-18, 21-16. ஆசிய விளையாட்டுப் பேட்மிண்டன் வரலாற்றில் இந்தியாவுக்கு வந்த முதல் தங்கம் அது! அந்த இரவு நம்மில் எத்தனை பேர் துள்ளிக் குதித்திருப்போம்? அந்தப் பக்கம் தலை குனிந்து நின்றவர் யார் என்று அப்போது யாராவது பார்த்தோமா?

அவர் மறக்கவில்லை போலிருக்கிறது! 2025 ஜனவரியில் சியோவோடு புதிதாகச் சேர்ந்து ஆடிய மலேசிய ஓப்பன் அரையிறுதியில் அதே சாத்விக், சிராக் ஜோடியை 21-10, 21-15 என்று துவைத்துவிட்டார். அந்தப் பட்டத்தையும் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஷென்சென் நகரில் சைனா மாஸ்டர்ஸ் இறுதி. மறுபடியும் சாத்விக், சிராக். முதல் கேமில் நம்மவர்கள் முன்னிலையில் இருந்தும் 21-19, 21-15 என்று கிம், சியோ ஜோடியே ஜெயித்தது.

2025-ம் ஆண்டு முழுவதும் அந்த ஜோடி செய்ததைக் கேளுங்கள். மார்ச்சில் ஆல் இங்கிலாந்து பட்டம். அந்தப் பழம்பெரும் போட்டியில் கொரிய ஆண்கள் ஜோடி ஜெயித்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜோடி சேர்ந்த ஏழாவது மாதம் உலகத் தரவரிசையில் முதலிடம். இந்தோனேசிய ஓப்பன், ஜப்பான் ஓப்பன், கொரிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன் என்று போகுமிடமெல்லாம் கோப்பை. டிசம்பரில் உலக டூர் இறுதிப் போட்டியும் கையில். ஒரே ஆண்டில் 11 பட்டங்கள்! ஒரே ஆண்டில் இத்தனை பட்டம் என்ற சாதனையை 2019-ல் படைத்தவர் ஜப்பானின் சிங்கிள்ஸ் வீரர் கென்டோ மொமோட்டா. சியோவுக்கு இன்னும் ஒன்று கூடுதல், 12. வேறொரு துணையோடு தாய்லாந்தில் ஒரு பட்டம் வாங்கியிருந்தார். அப்படி மொமோட்டாவின் எண்ணைத் தாண்டியவர் ஒரு டபுள்ஸ் வீரர் என்பதை, பிள்ளையைச் சிங்கிள்ஸ் மட்டும் ஆடச் சொல்லும் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள்!

அந்த ஆண்டின் உச்சம் ஆகஸ்ட் 31. உலக சாம்பியன்ஷிப் இறுதியில் சீனாவின் சென் போயாங், லியூ யி ஜோடியை 21-17, 21-12 என்று வென்று தங்கம். முந்தின நாள் அரையிறுதியில் சாத்விக், சிராக்கை மூன்று கேம் போராடி வெளியேற்றி வந்தவர்கள் அந்தச் சீனர்கள். போட்டி நடந்த அரங்கம் எது தெரியுமா? பாரிஸ், போர்ட் தெ லா ஷாபெல். ஓராண்டுக்கு முன் கிம் வாந்தி எடுத்த அதே அரங்கம்!

அதே நாள், அதே அரங்கில், பெண்கள் இரட்டையர் இறுதியில் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஆடினார், தெரியுமா? மலேசியாவின் தினா முரளிதரன்! பெர்லி டான் என்ற சீன மலேசியப் பெண்ணோடு ஜோடி. 2022 காமன்வெல்த்தில் தங்கம், அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் பட்டம், பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம். அந்த ஒலிம்பிக் காலிறுதியில் அவர்கள் வீழ்த்தியது யாரை? கொரியாவின் பெயர்பெற்ற கிம் சோ யோங், கோங் ஹீ யோங் ஜோடியை! உலக சாம்பியன்ஷிப் இறுதியில் சீன ஜோடியிடம் தோற்று வெள்ளி. பெண்கள் இரட்டையரில் மலேசியா உலக சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்ததே அதுதான் முதல் முறை. தினாவின் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிந்துவைத் தெரியும், சாய்னாவைத் தெரியும். தினாவையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். சியோ இடது கைக்காரர், கிம் வலது கைக்காரர். இதனால் என்ன லாபம்? இரண்டு பேரும் வலது கை என்றால் நடுக்கோட்டில் ஒருவரின் முன்கை அடியும் மற்றவரின் பின்கை அடியும் சந்திக்கும். எதிராளி எப்போதும் பலவீனமான பக்கத்தைக் குறிவைக்கலாம். இடமும் வலமும் கலந்த ஜோடியில் அவர்கள் நிற்கும் இடம் மாறினால் பலவீனமான பக்கமும் இடம் மாறிவிடும், ஒரு தடவை நடுவில், ஒரு தடவை ஓரங்களில். எதிராளி கண நேரத்தில் கணக்குப் போட வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஷட்டிலில் 16 இறகுகள். ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒரே திசையில் கோத்திருப்பதால் ஷட்டில் பறக்கும்போது இயல்பாகவே ஒரு பக்கமாகச் சுழலும். இடது கைக்காரர் அதைச் சீவி அடித்தால் அந்தச் சுழற்சியோடு சேர்ந்து விழும் விதமே வேறு. ஐந்து கிராம் எடையுள்ள ஒரு பொருளுக்குள் இவ்வளவு பௌதிகம்!

இந்தச் சியோவும் லேசுப்பட்டவர் அல்ல. 2023-ல் கோபன்ஹேகனில் ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தங்கம். காலையும் மாலையுமாக ஓடி, சே யூ ஜங்கோடு கலப்பு, காங் மின் ஹியுக்கோடு ஆண்கள். ஆண்கள் இறுதியில் டென்மார்க் ஜோடியை அவர்கள் சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார். அவருக்கு முன் கொரிய ஆண்களில் ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தங்கம் வென்றவர்கள் இரண்டே பேர். யாரென்று யூகித்திருப்பீர்கள்: 1985-லும் 1991-லும் பார்க் ஜூ போங், 1999-ல் கிம் டோங் மூன். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு துணையோடு சியோ மறுபடி ஆண்கள் பிரிவில் உலக சாம்பியன். துணை மாறினாலும் தங்கம் மாறவில்லை. கூட நிற்பவரின் பலத்தைப் பெருக்கி, பலவீனத்தை மூடத் தெரிந்தவருக்குத்தான் இது வாய்க்கும். கிம்மும் அப்படித்தான், சோய், ஜியோங், சியோ என்று மூன்று துணைகளோடு மூன்று பெரிய மேடைகளில் பதக்கம் வாங்கியிருக்கிறார்.

பிளசன்டன்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளில் பேட்மிண்டன் முறையான பள்ளி விளையாட்டு. நம்ம அமடோர் வேலியிலும் ஃபுட்ஹில்லிலும் அணிகள் உண்டு. பையன்களும் பெண்களும் ஒரே அணி. ஒரு பள்ளியை இன்னொரு பள்ளி ஜெயிக்க வேண்டுமென்றால் சிங்கிள்ஸ் மட்டும் பற்றாது, ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் கணக்கில் வரும். ஆக, டபுள்ஸ் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு அணியில் இடம் கூடுதல். உங்கள் பிள்ளை கலப்பு இரட்டையர் ஆட ஆசைப்பட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள். பயிற்சியாளரிடம் வாரத்தில் ஒரு வகுப்பாவது டபுள்ஸுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், சர்வீஸ், ரிசீவ், இடம் மாறி நிற்பது இவற்றையெல்லாம் தனியாகக் கற்றுத்தான் ஆக வேண்டும். பாரிஸ் அரையிறுதியைத் தேடி எடுத்து, மூன்றாவது கேமைப் பிள்ளையோடு உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள்.

2028 ஒலிம்பிக் நம்ம மாநிலத்திலேயே, லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. பேட்மிண்டன் ஆட்டங்கள் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேலன் சென்டரில் என்று அறிவித்திருக்கிறார்கள். பிளசன்டனிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். டிக்கெட் எடுக்கும்போது சிங்கிள்ஸ் நாளை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள், டபுள்ஸ் நடக்கும் நாளுக்கும் சேர்த்து எடுங்கள்.